பெயர் சுமக்கும் பறவைகள் – 6: கொட்டாவி நாரையும் சோழமண்டலத்துக் கொக்கும்

திட்டக்குடியிலிருந்து கீழ்ச்செருவாய் போகிற வழியில் நடவு வயல்கள் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பது என் வழக்கம். தை பிறந்த சமயம் ஒரு காலையில் அப்படி நின்றபோது வரப்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நத்தைகுத்தி நாரை மேய்ந்துகொண்டிருந்தது. அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவியபடியே நடந்தது. நத்தை ஒன்று அகப்பட்டதும் நின்றுவிட்டது. தலை ஆடவில்லை, அலகு நுனி மட்டும் தண்ணீருக்குள் ஏதோ நுணுக்கமாகச் செய்துகொண்டிருந்தது. கால் நிமிடம் இருக்கும். தலை நிமிர்ந்தபோது நுனியில் வழவழவென்று சதை. ஒரே விழுங்கு. அது நகர்ந்த பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஓடு முழுசாகக் கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

மடை திருப்ப வந்த பெரியவர் சிரித்தார். “பாக்குவெட்டிய வாயிலயே வச்சிருக்கு, பாருங்க தம்பி.”

அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. இந்த நாரைக்கு மேலலகும் கீழலகும் நுனியில்தான் சேரும், நடுவில் ஒரு சந்து விட்டிருக்கும். கூரான கீழலகு நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து இழுத்துவிடுகிறது. தமிழில் இந்தத் தொழிலே அதற்குப் பெயராகிவிட்டது. அறிவியல் பெயரோ அனாஸ்டோமஸ் ஆசிடன்ஸ். முதல் சொல் கிரேக்கம், வாயைத் திறந்து வைத்திருப்பது என்று பொருள். இரண்டாவது இலத்தீன், கொட்டாவி விடுவது. ஆக, வாய் திறந்து கொட்டாவி விடும் பறவை! சேற்றில் அத்தனை வேலை பார்க்கிற ஜீவனுக்குச் சோம்பேறிப் பட்டம்.

பட்டம் எப்படி வந்தது என்று தேடினால் பாதை புதுச்சேரிக்குப் போகிறது. புதுச்சேரியில் பிடிபட்ட ஒரு நத்தைகுத்தி, பாடமாக்கப்பட்டு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 1780-ல் பிரெஞ்சு இயற்கையாளர் புஃபோன் தம் இயற்கை வரலாற்று நூலில் அதை விவரித்தார். மார்த்தினே என்ற செதுக்கோவியர் தகட்டில் வடித்த அதன் படம் வண்ணம் தீட்டி வெளியிடப்பட்டது. புஃபோனுக்கு லின்னேயஸின் இலத்தீன் முறை பிடிக்காது, அதனால் படத்துக்குக் கீழே பிரெஞ்சுப் பெயர்தான். 1783-ல் பீட்டர் போடார்ட் என்ற டச்சு மருத்துவர் அந்தப் படத்தொகுதியை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆயிரம் படங்களுக்கும் வரிசையாக ஒரு பட்டியல் போட்டு இலத்தீன் பெயர் சூட்டினார். அச்சானது ஐம்பது பிரதிகள் என்கிறார்கள். படத்தில் நாரை அலகைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நத்தையும் இல்லை, சேறும் இல்லை. அவர் கண்ணுக்குக் கொட்டாவியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

சென்ற இதழில் லின்னேயஸ் 1758-ல் நிலைநிறுத்திய இரட்டைப் பெயர் முறையைப் பார்த்தோம். நம் ஊர் இனிஷியலைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பத்துப் பெயர் முன்னால், ஆளின் பெயர் பின்னால். குடும்பப் பெயர் அடிக்கடி மாறும். ஆராய்ச்சி முன்னேற முன்னேற, இது இந்த வீட்டுப் பிள்ளை அல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளை என்று தூக்கி மாற்றிவிடுவார்கள். பின்னால் வரும் பெயர் அவ்வளவு சுலபமாக மாறாது. இந்த இதழின் கதையெல்லாம் அந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது.

அதே போடார்ட், அதே பட்டியல். ‘கோரமண்டல் கரையின் கொக்கு’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்த இன்னொரு படத்துக்கு அவர் கொடுத்த பெயர் கோரமாண்டா. வேறு யாருமில்லை, நம் உண்ணிக்கொக்கு. மாட்டின் காலடியில் நடந்து, அது கிளப்பிவிடும் வெட்டுக்கிளியைப் பொறுக்கி, முதுகில் ஏறி உண்ணி கொத்தும் அதே கொக்கு. கோரமண்டல் என்பது சோழமண்டலம், போர்த்துக்கீசியர் வாயில் புரண்டு உருண்டு வந்தது. கரிமணல் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் ஏற்றது சோழமண்டலம்தான். ஆக, வெள்ளாற்றங்கரையில் எருமை முதுகில் சவாரி போகும் கொக்கு, உலக ஏட்டில் சோழமண்டலத்துக்காரர்.

இந்தக் கொக்குக்கு நெடுங்காலம் இருந்த குடும்பப் பெயர் பூபுல்கஸ். இலத்தீனில் உழவு மாடு ஓட்டுகிறவன் என்று அர்த்தம். ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கொக்கும் நம்முடையதும் ஒரே இனம் என்று பல காலம் புத்தகங்களில் இருந்தது. அண்மையில் இரண்டையும் பிரித்தார்கள், கிழக்குக் கொக்குக்குப் பழைய பெயர், ஆண்பால் வடிவத்தில் கோரமாண்டஸ் என்று, மீண்டும் கிடைத்தது. அடுத்த கையோடு மரபணு ஆய்வின்படி இதைப் பெருங்கொக்குகளின் குடும்பமான ஆர்டியாவில் சேர்த்துவிட்டன இப்போதைய உலகப் பட்டியல்கள். ஆர்டியா இலத்தீனில் பெண்பால் சொல், ஆகவே கோரமாண்டஸ் மறுபடி கோரமாண்டா. மாட்டுக்காரன் வேலை பறிபோனது, சோழமண்டலம் மட்டும் நிலைத்தது. டிராக்டர் வந்த பிறகு கொக்குகள் அதன் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது.

சோழமண்டலத்துப் பெயர் தாங்கிய பறவைகள் இன்னும் உண்டு. ஏரியில் தாமரை இலைக்கு நடுவே மிதக்கும் குள்ளத்தாரா, மார்பில் கருந்திட்டு உள்ள மழைக்காலக் காடை, தரிசில் விறுவிறுவென்று ஓடி நின்று ஓடும் ஓட்டக்காரப் பறவை ஒன்று, புளியமரத்து இருட்டில் உறுமும் பெரிய ஆந்தை ஒன்று. இவையெல்லாம் இந்தப் பக்கம் உண்மையிலேயே வாழ்கிறவை. ஆனால் ஹால்சியான் கோரமாண்டா என்று ஒரு மீன்கொத்தி இருக்கிறது. உடம்பெல்லாம் செம்பு நிறம், அலகு பவழம். கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை சல்லடை போட்டாலும் இதன் வீட்டைக் காண முடியாது. அந்தமானில் உண்டு, சுந்தரவனத்தில் உண்டு, வடகிழக்கு இந்தியாவில் உண்டு, கிழக்கே போகப் போக ஜப்பான் வரை உண்டு. ஜப்பானியர் மழைக்காலத்தில் இதன் குரலுக்காகக் காத்திருப்பார்கள். அங்கே காட்டோடையில் கூவும் அதன் மேல் நம் சோழர் முத்திரை! முதலாம் ராஜேந்திரன் கடாரம் வரைதான் போனான்.

இந்தப் பிசகுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பியர் சொன்னரா. 1748-ல் லியோனில் பிறந்தவர். 1782-ல் ‘கிழக்கிந்தியாவுக்கும் சீனத்துக்கும் பயணம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதில் தமிழ்நாட்டுக் கோயில், சாதி, தொழில், செடி, பறவை எல்லாம் வரும். புதுச்சேரியில் இருந்து அவர் பார்த்தவை, வாங்கியவை, கேள்விப்பட்டவை. படமும் அவரே வரைந்தார். அவர் வரைந்த காட்டுக்கோழிக்கு டெமின்க் என்ற டச்சுக்காரர் 1813-ல் கேலஸ் சொன்னராட்டி என்று அவர் பெயரையே வைத்தார். வீட்டுக்கோழியின் மூதாதை இந்தச் சாம்பல் காட்டுக்கோழிதான் என்று சொன்னரா நம்பினார். பின்னால் டார்வின் போன்றவர்கள் இல்லை, வடக்கே உள்ள சிவப்புக் காட்டுக்கோழி என்று காட்டினார்கள். சொன்னரா தோற்றார் என்று எல்லோரும் கைகழுவியிருந்தபோது, 2008-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று கண்டது. மனிதர் முழுக்க ஏமாற்றுக்காரர் இல்லை.

கொஞ்சம் ஏமாற்றுக்காரர். இதற்கு முன் 1776-ல் நியூகினிப் பயணம் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். நியூகினியில் அவர் கால் வைத்ததே இல்லை. அந்த நூலில் அங்கே பார்த்ததாகப் பென்குவின்களைச் சேர்த்தார். ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியையும் சேர்த்தார். அதன் பாடமான உடலைக் கேப்டன் குக்கோடு போய்வந்த இயற்கையாளர்களிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்பது பின்வந்தோர் கணிப்பு. நூலை நம்பி, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் யோஹான் ஹெர்மான் 1783-ல் அதற்கு நியூகினியின் பெயரையே வைத்தார். இன்றுவரை அது டாசெலோ நோவேகினியே. நியூகினியில் அந்தப் பறவை கிடையாது. டாசெலோவும் விளையாட்டுப் பெயர்தான்: மீன்கொத்திக்கான இலத்தீன் சொல் ஆல்சிடோ, அதன் எழுத்துகளை மாற்றிப் போட்டுச் செய்தது. நம்மூர்க் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி.

அந்த ஹெர்மான் நமக்கும் வேண்டியவர். செங்கல் நிறத்தில், கழுத்தில் கருப்புக் கோடு போட்ட சின்னப் புறா ஒன்று கரட்டுக் காடுகளில் இருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரெப்டோபீலியா ட்ராங்குபாரிகா. தரங்கம்பாடிப் புறா. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது, அங்கிருந்த பாதிரிமார் கிளிஞ்சல், மீன், பாம்பு, பறவை என்று ஐரோப்பாவுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஹெர்மான் 1800-ல் இறந்தார். புறாவின் பெயர் அச்சேறியது 1804-ல், அவர் விட்டுப்போன குறிப்புகளிலிருந்து.

சொன்னராவிடம் திரும்பினால் செஞ்சி வருகிறது. அவர் நூலில் ‘செஞ்சியின் கழுகு’ என்று ஒன்று, ‘செஞ்சியின் சின்ன மைனா’ என்று ஒன்று. கழுகு என்பது மஞ்சள் முகத்துப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் சர்க்கரைப் பொங்கல் வாங்க இரண்டு பறவைகள் தினமும் வந்தனவே, அதே இனம். கிரேக்கக் கதையில் ஜீயஸ் கடவுளால் பாறாக மாற்றப்பட்ட நியோஃப்ரான் என்ற இளைஞன் பெயர் இதற்குக் குடும்பப் பெயர். இந்தியக் கிளையினத்துக்கு ஜின்ஜினியானஸ் என்று செஞ்சிப் பெயர். மைனாவும் ஜின்ஜினியானஸ்தான். ஆனால் இந்த மைனா ஆற்றங்கரை மண்சுவரில் பொந்து குடைந்து கூட்டமாக வாழும், பெரும்பாலும் வட இந்தியாவில். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை மேல் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சாதாரண மைனாதான் வரும். டில்லி ரயில் நிலையத்து டீக்கடைக்காரருக்குத் தெரியாது, காலடியில் பிஸ்கட் துணுக்கு பொறுக்குகிறவர் செஞ்சிக்காரர் என்று.

சொன்னரா பிரெஞ்சில்தான் எழுதினார். இலத்தீன் பெயர் சூட்டியவர்கள் வேறு. இங்கே ஒரு பந்தயம் நடந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் டார்ட்ஃபோர்டில் ஜான் லேத்தம் என்று ஒரு மருத்துவர். 1781 தொடங்கி 1785 வரை உலகப் பறவைகளையெல்லாம் திரட்டிப் பல பாகங்களில் எழுதினார். பிறர் அருங்காட்சியகம், பிறர் வீட்டு அலமாரி, சொன்னரா போன்றவர்கள் நூல், எதையும் விடவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் மட்டும் வைத்தார். இலத்தீனெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டார். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோஹான் ஃபிரெட்ரிக் க்மெலின் லின்னேயஸின் நூலைப் பதின்மூன்றாம் பதிப்பாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். லேத்தம் நூலை எடுத்தார், சொன்னரா நூலை எடுத்தார், உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் பெயர் போட்டு 1789-ல் வெளியிட்டார். பதறிப்போன லேத்தம் தாமும் ஓர் இலத்தீன் அட்டவணை கொண்டுவந்தார். அது வந்த ஆண்டு 1790. ஒரு வருஷம் தாமதம். தாம் பாடுபட்டு விவரித்த நூற்றுக்கணக்கான பறவைகளுக்குப் பின்னால் க்மெலின் பெயர். லேத்தம் 1837 வரை, தொண்ணூற்றாறு வயதுவரை இருந்தார். அத்தனை வருஷமும் இது மனதில் உறுத்தியிருக்காதா?

நம் கௌதாரி பாண்டிசெரியானஸ் ஆனது இந்தப் பந்தயத்தில்தான். க்மெலின் வைத்தது, 1789. புதுச்சேரிக் கௌதாரி. விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டில் விடியற்காலம் கத்தும் கௌதாரிக்குப் புதுச்சேரியோடு என்ன உறவு? கப்பல் ஏறிய ஊர், அவ்வளவுதான். இந்தப் பெயர்களை நான் பறவைகளின் முகவரியாகப் படிப்பதில்லை, அஞ்சல் முத்திரையாகப் படிக்கிறேன். கடிதம் எந்த ஊரில் பெட்டியில் போடப்பட்டது என்பதுதான் முத்திரை. எழுதியவர் வீடு வேறு எங்காவது இருக்கலாம்.

தவறு என்று தெரிந்த பிறகும் ஏன் மாற்றுவதில்லை என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். விலங்குப் பெயரிடலுக்கு உலகப் பொது விதிகள் இருக்கின்றன. முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே உரிமை, பொருந்தவில்லை என்பது தள்ளுவதற்குக் காரணம் ஆகாது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் இதை எனக்குக் கண்ணால் காட்டினார்கள். பிளாஸ்டர் அச்சில் கரைத்த களிமண்ணை ஊற்றி வாத்துப் பொம்மை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாத்துக்கும் இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மரு. அச்சில் விழுந்த குழி. “அச்சு மாத்தணும்னா முதல்லேருந்து வரணும் சார், மரு இருந்தா வாத்து இல்லன்னு ஆயிடுமா?” என்றார் வேலை செய்தவர். விதி எழுதியவர்கள் நினைப்பும் ஏறக்குறைய அதுதான். ஒரு பெயரைத் திருத்த ஆரம்பித்தால் இருநூற்றைம்பது வருஷத்துப் புத்தகம் அத்தனையும் குழம்பும்.

தமிழ்ப் பெயரும் இலத்தீன் பெயரும் கைகோத்துக்கொள்ளும் இடங்களும் இல்லாமல் இல்லை. புள்ளிமூக்கு வாத்துக்கு அங்கேயும் பலநிற மூக்கு என்றே பெயர். ஏரி மதகின் மேல் வெள்ளைப் புருவத்தோடு ஓடித் திரியும் வாலாட்டிக் குருவியின் பெயர் மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ். மதராசபட்டினத்து வாலாட்டி. மோட்டாசில்லா என்றால் ஓயாமல் அசையும் சின்னது என்றுதான் பழைய பொருள். இடைக்காலத்தில் யாரோ பின்பாதியான ‘சில்லா’ என்பதே வால் என்று பிரித்துப் படித்துவிட்டார்கள். அந்தப் பிழையை நம்பி, பட்டுவால் என்ற அர்த்தத்தில் பாம்பிசில்லா என்று வேறொரு பறவைக்குப் பெயர் வைத்தாயிற்று. இல்லாத வாலுக்கு ஒரு குடும்பமே பிறந்துவிட்டது.

கைகோக்காத இடம் நாமக்கோழி. கார்த்திகை மார்கழியில் வெலிங்டன் ஏரி நிறைந்திருக்கும்போது கரும்புள்ளிகளாக மிதப்பது. நெற்றியில் பளீரென்று வெள்ளைத் தகடு, வைணவர் நாமம் போட்டது போல. ஃபூலிகா ஆட்ரா என்பது அறிவியல் பெயர். ஆட்ரா என்றால் கருப்பு. உடம்பு முழுதும் கருப்பு என்பது உண்மை. ஆனால் கரையில் நிற்கிறவன் கண்ணில் முதலில் படுவது நாமம்.

இத்தனை பெயரிலும் இங்கே வலை விரித்தவன், கண்ணி வைத்தவன், துரைக்குக் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் ஒருவன் பெயரும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் அவன் வாய்ச்சொல் நழுவி உள்ளே போயிருக்கிறது. எட்வர்ட் பக்லி என்ற மருத்துவர் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வேலை பார்த்தார். லண்டனில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு இங்கிருந்து பறவைகளின் விவரங்களை அனுப்பிவந்தார். ஆங்கில இயற்கையாளர் ஜான் ரே இறந்து எட்டு ஆண்டு கழித்து 1713-ல் வெளிவந்த அவர் பறவை நூலில், பெட்டிவர் அவற்றை மதராசபட்டினத்துப் பறவைகள் என்று ஓர் இணைப்பாகச் சேர்த்தார். லின்னேயஸ் முறைக்கு நாற்பத்தைந்து வருஷம் முந்தியது. அதில் நம் குண்டுக்கரிச்சானுக்கு ‘சௌலரி’ என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. 1758-ல் லின்னேயஸ் அதைச் சௌலாரிஸ் என்று இலத்தீனாக்கினார்.

அதன் பிறகு நடந்தது வேடிக்கை. வங்காளம் பக்கம் இதே குருவிக்குத் தயால் என்று பெயர். 1737-ல் அல்பின் என்ற ஓவியர் அதை ‘டயல் பறவை’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் டயல் என்றால் சூரிய கடிகாரத் தட்டு. பிரெஞ்சுக்காரர் லெவையான் இதைப் பார்த்துக் கடிகாரம் என்றே மொழிபெயர்த்தார். லின்னேயஸும் சூரியனை நினைத்து சோலாரிஸ் என்று எழுதப்போய்க் கை தவறிச் சௌலாரிஸ் ஆக்கிவிட்டார் என்று பிற்காலத்தில் ஒரு விளக்கம் எழுந்தது. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் அதை மறுத்தார். சென்னையிலிருந்து போன சௌலரிதான் மூலம், நூறு பாட்டு என்று பொருள்படும் இந்திச் சொல் அது என்றார். அதிகாலையில் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்று இழுத்துப் பாடும் அதன் குரலைக் கேட்டவர்களுக்கு நூறு அதிகமாகத் தோன்றாது.

சூரிய கடிகார விளக்கத்தை எழுதிவைத்தவர் தாமஸ் ஜெர்டான். இங்கே பிழைபட்டாரே தவிர, இதுவரை பார்த்த எல்லோரிலும் வேறு மாதிரி ஆள். 1836-ல் துணை மருத்துவராகச் சென்னையில் வந்து இறங்கியவர், படத்தையும் பாடத்தையும் வைத்துப் பெயர் சூட்டியவர் இல்லை. தெற்கே ஊர் ஊராகத் திரிந்து, வேட்டைக்காரர்களிடம் கேட்டு, உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துக்கொண்டவர். நம் கொல்லைப்புறத்தில் ஏழெட்டாகச் சேர்ந்து சருகைப் புரட்டிச் சண்டை போடும் மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிக்கு 1845-ல் அறிவியல் பெயர் வைத்தவர் அவரே. தினமும் கண்ணெதிரே பார்த்த பறவைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அஃபினிஸ். இன்னொன்றைப் போல இருப்பது.

(ஜெர்டான் அடுத்த இதழில்)